ஈரம் இறங்காத துணி

பூமிகா வீட்டைவிட்டுப் போனபோது ஒரு தோள்பையையும் சான்றிதழ்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். கூடத்து மூலையில், கம்பிக் கூண்டுக்குள், அவள் வளர்த்த இரண்டு கினிபிக்குகள், வாலில்லாத சீமை எலிகள், அப்படியே இருந்தன. பழுப்பும் வெள்ளையுமாக இருந்ததற்கு மோமோ என்றும் கறுப்புக்குப் பிங்கு என்றும் அவளே பேர் வைத்திருந்தாள்.

அன்று மத்தியானம் குணசுந்தரியின் போனுக்கு மகளின் குரல் பதிவு வந்தது.

"ம்மா, நான் ஸ்டீவன் கூட போறேன். கல்யாணம் பண்ணிக்கப் போறோம். அப்பா ஒத்துக்க மாட்டாருன்னு தெரியும். மோமோவையும் பிங்குவையும் பாத்துக்கோ. செட்டில் ஆனதும் வந்து எடுத்துக்கினு போறேன்."

குணசுந்தரி அதை எத்தனை முறை கேட்டிருப்பாள் என்று சொல்ல முடியாது. கேட்கக் கேட்க முன்பாதி தேய்ந்துபோய், வந்து எடுத்துக்கினு போறேன் என்பது மட்டும் மனசில் நின்றது. வருவேன் என்றுதானே சொல்லியிருக்கிறாள்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவள் குணசுந்தரி. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் கிரேன் ஓட்டும் பச்சையப்பனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அவளும் அதே சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேண்டீனில் காய் நறுக்கப் போனாள். முதல் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவதாகத் தங்கியவள் பூமிகா. மகள் கையில் மீன் நாற்றமும் படக்கூடாது, உலைக்கரியும் படக்கூடாது என்று இருவரும் அவளைப் படிக்க வைத்தார்கள். கவரைப்பேட்டைப் பக்கம் கல்லூரிக்குப் போனவள், விடுதியைக் காலிசெய்த சிநேகிதியிடமிருந்து இந்தக் கினிபிக்குகளை வாங்கிவந்தாள். ஸ்டீவனைப் பார்த்ததும் அதே கல்லூரியில்தான்.

பச்சையப்பன் சத்தம் போடவில்லை. சுவரிலிருந்த மகளின் போட்டோவைக் கழற்றிப் பரண்மேல் போட்டான்.

"இந்த ஊட்ல இனிமே அவ பேச்சு வரக்கூடாது. அந்த எலிங்களயும் எங்கனா கொண்டுபோய் வுட்டுடு."

"வாயில்லாத ஜீவனுங்க. அதுங்க இன்னா பண்ணுச்சு. இருந்துட்டுப் போவட்டும்," என்றாள் குணசுந்தரி.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினான். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

கூண்டில் மரத்தூள் போட்டால் தும்முகின்றன என்று பூமிகா ஃப்ளீஸ் துணி விரித்துப் பழக்கியிருந்தாள். குளிருக்குப் போர்த்துகிற பொசுபொசுவென்ற கம்பளித் துணிதான். அடியில் பழைய டவலை மடித்துப் போட்டு, மேலே ஃப்ளீஸ் விரிக்க வேண்டும். மூத்திரம் மேலே நிற்காமல் துணி வழியாக இறங்கி டவலில் ஊறிக்கொள்ளும்; கால் நனையாது. மகள் செய்ததைப் பார்த்துப் பார்த்து வைத்திருந்ததால் குணசுந்தரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வேலைக்குக் கிளம்புமுன் புழுக்கையைக் கூட்டி எடுப்பாள். திரும்பி வரும்போது தண்டவாளத்து ஓரம் அருகம்புல் பறித்து வருவாள். கேண்டீனில் கழிக்கிற கொத்தமல்லித் தண்டைக் கேட்டு வாங்கி வருவாள். ஊறிய துணியை அலசி வேறு துணி மாற்றுவாள். கதவுச் சத்தம் கேட்டதுமே இரண்டும் கம்பியைப் பிடித்து நின்று விசில் அடிக்கும். அந்த வீட்டில் அவளை எதிர்பார்த்துக் காத்திருந்தவை அவை மட்டும்தான்.

மழைக்காலம் வந்தது. வெளியே காயப்போட்டால் ஆலைப்புகையின் கரி வந்து படியும் என்று அவள் எப்போதும் துணியை வீட்டுக்குள்தான் காயவைப்பாள். இப்போது உள்ளேயும் காயவில்லை. கூடம் முழுக்க ஈரவாடை.

"சோறு துன்ன முடியல. ஒரே நாத்தம். பேஜாரா கீது," என்று தட்டைத் தள்ளிவைத்தான் பச்சையப்பன்.

எங்கே கூண்டைத் தூக்கி வெளியே வைத்துவிடுவானோ என்று பயந்துபோனவள், துணிக்கு வாசனை வருவதற்காக அலசும்போது ஊற்றுகிற திரவத்தைக் கடையில் வாங்கிவந்தாள். ஃப்ளீஸை அதில் ஊறவைத்துப் பிழிந்தாள். வீடு மல்லிகைப்பூவாக மணத்தது. அவளுக்கே சந்தோஷமாக இருந்தது.

மோமோ ஓடியாடுவதை நிறுத்தியபோது மழைக் குளிர் என்று நினைத்தாள். கொத்தமல்லியை வாயருகே நீட்டினால் தின்றது. பிறகு அதையும் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. தூக்கிப் பார்த்தாள். பின்னங்கால் பாதங்கள் இரண்டும் சிவந்து, வீங்கி, நடுவில் புண்ணாகியிருந்தன. அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினாள். மாடும் ஆடும் பார்த்துப் பழகிய டாக்டர் சங்கடத்தோடு ஒரு களிம்பு கொடுத்து, கவரைப்பேட்டையில் இதுமாதிரிப் பிராணிகள் விற்கிற கடையில் கேட்டுப்பாருங்கள் என்றார்.

கடைக்காரர் மோமோவின் காலைப் பார்த்தார். வயிற்று மயிரைத் தடவிப் பார்த்தார். மோந்தார்.

"துணிக்கு செண்டு தண்ணி போட்டியாக்கா?"

"நாத்தம் அடிக்குதேன்னு போட்டேன்."

"அத்த போட்டா துணியில பிசுக்கு ஏறிக்கும்க்கா. அப்பறம் ஈரம் கீழ எறங்காது, மேலயே நின்னுக்கும். பாவம், மூத்திரத்துலயே நின்னுகினு இருந்துருக்குது. புண்ணு உள்ள போயிடுச்சு."

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். எளாவூர் சோதனைச் சாவடிப் பக்கமிருந்து லாரிகள் வரிசையாக நின்று வழி அடைத்திருந்தன. வெகுநேரம் பஸ் நகரவில்லை. அந்த நெரிசலுக்குள்ளேயே மோமோ ஒருமுறை காலை உதறிவிட்டு அடங்கியது. பக்கத்தில் இருந்தவளுக்குத் தெரியக்கூடாது என்று குணசுந்தரி பெட்டியின் மூடியை மெல்ல மூடினாள்.

பின்கட்டில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, கை கழுவாமலே மகளுக்குப் போன் போட்டாள். பூமிகா போனபிறகு அவள் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டதே இல்லை. மகளே வரட்டும் என்றிருந்தாள்.

"பூமி. அம்மாடி."

"ம்மா? இன்னாம்மா, யாருக்கு இன்னா ஆச்சு?"

"மோமோ செத்துப்போச்சுடி. நான்தான் கவனிக்காம வுட்டுட்டேன். மன்னிச்சுக்கடி கண்ணு."



"அதுங்க இன்னும் நம்ம ஊட்லயா இருக்குதுங்க? நான் போனதுமே அப்பா தூக்கிப் போட்டிருப்பாருன்னு நெனச்சேன்ம்மா."

"வந்து எடுத்துக்கினு போறேன்னு சொன்னியே."

"அப்போ சொன்னேம்மா. இங்க எங்க வெக்கறது? ஒரே ரூமு. இன்னொண்ண யாருக்காவது குடுத்துடு." பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். "ம்மா, நான் வேலையில கீறேன். அப்பறம் பேசறேன், சரியா? அழுவாத."

போன் நின்றது. அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மகள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூட அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச காலம் காத்திருக்கலாம். அவள் எப்போதோ தன் வழியே போய்விட்டாள். இங்கே கூண்டைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் தான்தான்.

வாசல்படியில் பச்சையப்பன் நின்றிருந்தான். ஷிப்டு முடிந்து வந்தவன். எவ்வளவு கேட்டான் என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"அவளா?"

"ஆமா."

குழாயடிக்குப் போனான். முகம் கழுவினான். துண்டை எடுத்துத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"என்னப் பத்தி கேட்டாளா?"

இத்தனை நாளும் எலிகளை அவன் ஏன் விட்டுவைத்தான் என்பது குணசுந்தரிக்கு அப்போதுதான் புரிந்தது.

"கேட்டா," என்றாள்.

துண்டு முகத்திலிருந்து இறங்கியது.

"இன்னா கேட்டா?"

உடம்பு எப்படி இருக்குதுன்னு கேட்டாள், நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். அவளுக்கு வாய் வரவில்லை. அவன் காத்திருந்தான். பிறகு மெல்லத் தலையை ஆட்டிவிட்டு, துண்டைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். அன்று இருவரும் சாப்பிடவில்லை.

அதன்பிறகு பிங்கு விசில் அடிக்கவில்லை. புல்லைப் போட்டால் கொஞ்சம் தின்றுவிட்டு மூலையில் ஒதுங்கிக்கொள்ளும். யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று குணசுந்தரி கேட்டதற்கு, பச்சையப்பன் கூண்டைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனான். அவளும் திரும்பக் கேட்கவில்லை. மகளிடமிருந்தும் போன் வரவில்லை. துணி ஊறிப்போனால் குணசுந்தரி இப்போது வெந்நீரில் வெறும் சோப்புப் போட்டு அலசி மாற்றுகிறாள்.