ரக்னா வழி சொன்ன வருடங்கள்

யாரோடு நடந்தாலும் ரக்னா அரை அடி முன்னால்தான் நடப்பாள். அதோடு நிற்காது. காலுக்கு முன்னால் என்ன இருக்கிறதோ அதைத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போவாள். "படி. இன்னொரு படி. இங்க ஐஸ் உறைஞ்சிருக்கு. வலது பக்கம் சைக்கிள்." கூட வருபவருக்குக் கண் நன்றாகத் தெரியும் என்பது அவள் நினைவிலேயே இருக்காது. நார்வேயின் ஸ்கோல்டால் பள்ளத்தாக்கில் இதற்கு யாரும் சிரிப்பதில்லை. பல வருடங்களாகப் பார்த்துப் பழகிவிட்டது. புதிதாக வந்த பாதிரியார் மட்டும் ஒருமுறை, "எனக்குக் கண்ணு தெரியும்மா," என்றார். ரக்னா காது வரை சிவந்துபோய் அன்று முழுவதும் வாயே திறக்கவில்லை.

வாய் திறக்காமல் இருப்பதுதான் அவளுடைய சுபாவம். பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டாள். அப்பாவுக்கு முதுகு போயிற்று, அண்ணன் கோல்பெய்ன் மரம் வெட்டக் காட்டுக்குப் போய்விட்டான், ஒன்பது மாடுகளைப் பார்க்க வீட்டில் வேறு ஆள் இல்லை. மாடுகளோடு பேச வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பிறகு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. அங்கே இயந்திரங்கள் போடும் இரைச்சலில் பேசினாலும் கேட்காது. அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. கேட்கும் இடத்தில் அவள் எதையும் சொன்னதில்லை. ஆனால் எதையும் பார்க்காமல் விட்டதுமில்லை.

ஒவ்வொரு பிப்ரவரியிலும் பார்வையற்றோர் சங்கத்தார் மலைமேல் விடுதியில் ஒரு வாரம் பனிச்சறுக்கு முகாம் போடுவார்கள். பார்வையில்லாத ஒவ்வொருவருக்கும் முன்னால் பார்வையுள்ள ஒருவர் சறுக்கிக்கொண்டே வழி சொல்லிப் போக வேண்டும். ரக்னா அந்த முகாமுக்குப் போனது பாத்திரம் கழுவ. இரண்டாம் நாள் வழிசொல்லி ஒருவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. முகாமை நடத்திய ஸ்டெய்னார், ஏரியின் இந்தக் கரையில் பேசினால் அந்தக் கரையில் கேட்கிற மாதிரிக் குரல்கொண்ட பள்ளி வாத்தியார், சமையலறைக்குள் தலையை நீட்டினார்.

"உனக்குச் சறுக்கத் தெரியுமாம்மா?"

"தெரியும்."

"எந்த அளவுக்கு?"

"பால் கேனைத் தூக்கிக்கிட்டுப் போவேன்."

"அது போதும். கையைத் துடைச்சுக்கிட்டு வா."

வெளியே சிவப்புக் குல்லாவோடு குட்டையாக, அகலமான தோள்களோடு ஒருத்தி நின்றிருந்தாள். ஒட்னி. ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் அவள் இரண்டு கண்களையும் கொண்டுபோய்விட்டது. நகராட்சி அலுவலகத்தில் தொலைபேசி இணைப்பு கொடுக்கிற வேலை. நாளெல்லாம் பேசிப் பேசி, பேச்சு நின்றால் என்னவோ ஏதோ என்று பயந்துவிடுகிற ஆள்.

இருவரும் கிளம்பினார்கள். இயந்திரம் பனியில் போட்டு வைத்த இரட்டைத் தடத்தில் சறுக்குப் பலகைகள் உட்கார்ந்துவிட்டால் நேரே போவது சிரமமில்லை. தடம் வளையும் இடத்தையும் இறங்கும் இடத்தையும் சொன்னால் போதும். ரக்னா அதை மட்டும்தான் சொன்னாள். "நேர்." நூறு மீட்டர் கழித்து, "இடது." பிறகு எதுவுமில்லை.

"ஏய், இருக்கியா, இல்ல வீட்டுக்குப் போயிட்டியா?" என்றாள் ஒட்னி பின்னாலிருந்து.

"இருக்கேன்."

"என்ன பண்ற?"

"முன்னாடி போறேன்."

"அது தெரியுது. பேசுடி. உன் குரலைப் பிடிச்சுக்கிட்டுத்தானே நான் வரணும்? எதையாவது பேசு."

"என்ன பேச?"

"நீ பார்க்கிறதைச் சொல்லேன்."

ரக்னா கொஞ்ச தூரம் யோசித்தாள். பிறகு சொன்னாள். தடத்துக்குக் குறுக்கே காட்டுமான் போயிருக்கிறது, பின்னங்கால் நொண்டுகிறது. கீழே ஆற்றங்கரை வீட்டில் இரண்டு புகைபோக்கிகளில் ஒன்றில்தான் புகை வருகிறது. அப்படியென்றால் புருஷனும் பெண்டாட்டியும் மறுபடியும் பேசிக்கொள்வதில்லை, அவள் தன் அக்கா வீட்டுக்குப் போயிருப்பாள். வேலியில் ஒற்றைக் கையுறை தொங்குகிறது; கடைக்காரர் மகனுடையது, அவன் இந்த வேலிப் பக்கம் வர வேண்டிய காரணமே இல்லை, வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் பதினெட்டு வயதுப் பெண் இருப்பதைத் தவிர.

ஒட்னி சிரித்த சிரிப்பில் தடத்தை விட்டு நழுவிப் பனியில் உட்கார்ந்துவிட்டாள். "இத்தனையும் வச்சுக்கிட்டா வாயை மூடிக்கிட்டு இருந்தே?"

முப்பது வயது வரை யாரிடமும் சொல்லாததை எல்லாம் ரக்னா அந்த வாரம் சொல்லித் தீர்த்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. கேட்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கேட்பவரும் தன்னைப் பார்க்க முடியாது.

அதன்பின் பதினான்கு குளிர்காலங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒட்னி பஸ்ஸில் வந்து இறங்குவாள். ரக்னா வீட்டுப் பின்கட்டுக் கொட்டகையில் பலகைக்கு மெழுகு பூச வேண்டும். பனியின் பதத்துக்கு ஏற்ப நிறம் நிறமாக மெழுகு. ஒட்னி கையுறையைக் கழற்றி, ஒரு பிடி பனியை அள்ளி, விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்துவிட்டு, "நீலம்," என்பாள். சில நாள் "ஊதா." ரக்னா வெப்பமானியைப் பார்ப்பாள். ஒட்னி சொன்னது சரியாகவே இருக்கும். அவள் கடைசியாக நீலத்தைப் பார்த்தது ஒன்பது வயதில்.

காட்டுக்குள் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியும், பிளாஸ்க் காபியும், ஆளுக்கொரு ஆரஞ்சும். ஆரஞ்சுத் தோலின் வாசனை கையுறையில் ஒரு வாரம் இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி யாராவது கேட்டால் ரக்னா முதலில் சொல்வது அந்த வாசனையைத்தான். பதக்கங்களைச் சொல்வதில்லை. அவையும் இருந்தன. பார்வையற்றோருக்கான பந்தயங்களில் பின்லாந்தில் ஒரு வெண்கலம். ஆஸ்திரியாவில் ஒரு வெள்ளி. ஹோட்டலில் திரைச்சீலை என்ன நிறம், பக்கத்து மேசையில் யார் யாரோடு கோபம் என்றெல்லாம் ரக்னா மறுநாள் தடத்தில் சொல்லிக்கொண்டே போவாள். சறுக்கும்போது ஒட்னியிடம் மட்டும்தான் அத்தனை பேச்சு. பலகையைக் கழற்றியதும் வாய் பூட்டிக்கொள்ளும்.

பிறகு மாற்றுத்திறனாளர்களின் குளிர்கால உலகப் போட்டி நார்வேக்கே வந்தது. ஸ்கோல்டாலிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரம். ஒட்னிக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. இதுதான் கடைசி என்று அவளே சொல்லிவிட்டாள். அதற்குள் தேசிய அணிக்குப் பயிற்சியாளராகியிருந்த ஸ்டெய்னார் இலையுதிர்காலத்தில் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ரக்னா, கோவிச்சுக்காதே. அங்க ஆயிரக்கணக்குல ஜனம் வரும். ஹெய்யா ஹெய்யான்னு கத்தும். உன் குரல் பூனைக்குட்டி மாதிரி. ராணுவத்துலேருந்து ஒரு ஆள் இருக்கான். இருபத்து நாலு வயசு. கப்பல் சங்கு மாதிரி குரல்."

ரக்னா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் சொன்னது நியாயம் என்றே அவளுக்குப் பட்டது.

"அவன் பின்னாடி நேத்து ரெண்டு கிலோமீட்டர் போனேன்," என்றாள் ஒட்னி. "இடது, வலது, இடது, வலது. எனக்குத் துப்பாக்கி மட்டும்தான் குடுக்கலை."

"பதக்கம் வேணுமா, வேண்டாமா?"

"வேணும். ரொம்ப வேணும். இவ முன்னாடி போனா வாங்குவேன். இல்லன்னா வீட்டுல உட்கார்ந்து ரேடியோவுல கேட்டுக்கறேன்."

ஸ்டெய்னார் ரக்னாவைப் பார்த்தார். "உன் குரல் கேட்காம இவ விழுந்தா, அது உன் தலையிலயும் விடியும், என் தலையிலயும் விடியும். புரியுதா?"

"புரியுது," என்றாள் ரக்னா.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் கத்திப் பழகினாள். மாட்டுக்கொட்டிலில், கதவைச் சாத்திக்கொண்டு.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் கோல்பெய்ன் போன் செய்தான். "தங்கச்சி, நாற்பது பேர் வர்றோம். பஸ் பேசியாச்சு. எங்க நின்னா நல்லாப் பார்க்கலாம்?"

"பாலம் தாண்டி ஒரு இறக்கம் இருக்குண்ணா. அடியில இடது வளைவு. அங்க நின்னா ரொம்ப தூரம் தெரியும்."

"அப்போ அங்கயே நெருப்பு மூட்டி காபி போட்டுடுவோம். மாட்டுக் கழுத்து மணியெல்லாம் கழட்டி வச்சிருக்கோம். பதினேழு மணி. நீங்க வரும்போது மலையே அதிரும் பாரு."

அந்த வளைவில் வேகம் அதிகம். அதனால் அங்கே மட்டும் பனியில் தடம் போட்டிருக்கவில்லை. அங்கே ஒட்னிக்கு ரக்னாவின் குரலைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது. "மணி வேண்டாம்ணா," என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அண்ணன் வேலைக்கு லீவு போட்டு, ஊரைத் திரட்டி, பஸ் பேசியிருக்கிறான்.

"ம்," என்றாள் ரக்னா.

"என்ன ம்? சந்தோஷமா இல்லையா?"

"சந்தோஷம்தாண்ணா."

பத்து கிலோமீட்டர், இரண்டு சுற்று. மைதானத்தில் சத்தம் போடக்கூடாது என்று ஒலிபெருக்கியில் சொல்லி வைத்திருந்ததால் கிளம்பும்போது கூட்டம் அமைதியாக இருந்தது. முதல் மூன்று கிலோமீட்டர் தண்ணீர் மாதிரிப் போயிற்று. ஏற்றத்தில் ஒட்னியின் மூச்சு பின்னால் சீராகக் கேட்டது. நேரம் குறித்துக்கொண்டு காட்டில் நின்றிருந்த ஸ்டெய்னார், "ரெண்டாவது இடம்," என்று கத்தினார். பாலம் வந்தது. இறக்கம் வந்தது.

கீழே கோல்பெய்ன் கையைத் தூக்கினான். பதினேழு மணிகளும் நாற்பது தொண்டைகளும் ஒரேயடியாக எழும்பின. ரக்னா, "இடது, இடது," என்று கத்தினாள். அவள் குரல் அவள் காதிலேயே விழவில்லை. திரும்பிப் பார்த்தபோது ஒட்னி வளையாமல் நேரே பறந்துபோய்ப் பனிமேட்டில் விழுந்தாள்.

அதைப் பார்த்த ஊர்க்காரர்கள், பாவம், உற்சாகப்படுத்த வேண்டும் என்று முன்னிலும் பலமாக மணியடித்தார்கள். ஒட்னி எழுந்து நின்றாள். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். வழிசொல்லி தொடக்கூடாது என்பது விதி. ரக்னா அவளிடமிருந்து மூன்று அடி தள்ளி நின்றிருந்தாள்.

"கோல்பெய்ன்!" என்று அதட்டினாள் ரக்னா. அண்ணா இல்லை, வெறும் பெயர். "மணியைக் கீழ போடு. வாயை மூடுங்க எல்லாரும். அவளுக்கு நான் பேசறது கேட்கணும்."

சலவைக்கூடத்தில் அவளோடு பதினைந்து வருடம் வேலை பார்த்தவர்கள் அங்கே இருந்தார்கள். அவளுக்கு அப்படி ஒரு குரல் உண்டென்று அவர்களுக்குத் தெரியாது. மணிகள் நின்றன. விறகு வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஒட்னி, இடது பக்கம் திரும்பு. இன்னும். போதும். நேர். வா."

இரண்டாவது சுற்றில் அதே இறக்கத்துக்கு வந்தபோது கீழே ஒரு சத்தமும் இல்லை. வளைவைத் தாண்டியபின் ஒட்னி கேட்டாள், "எல்லாரும் பஸ் ஏறிட்டாங்களா?"

"இல்ல. இங்கதான் நிக்கிறாங்க. மணிக்குள்ள கையுறையைத் திணிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. சலவைக்கூடத்து ஆளுங்க ஒரு பெரிய அட்டை பிடிச்சிருக்காங்க. உன் பேர் எழுதியிருக்கு."

"எனக்குக் காட்டறதுக்கா?" என்றாள் ஒட்னி. மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

நாலாவது இடம். வெண்கலத்துக்குப் பதினோரு நொடி பாக்கி. விழுந்து எழுந்ததில் போனது நாற்பது நொடிக்கு மேல்.

போட்டி மைதானத்து மெழுகுக் கொட்டகையில் இருவரும் தனியாக இருந்தபோது ரக்னா சொன்னாள். "நேத்தே எனக்குத் தெரியும். மணி கொண்டுவர்றதா அண்ணன் சொன்னான். நான் வேண்டாம்னு சொல்லலை."

"ஏன்?"

"சொல்ல வாய் வரலை."

ஒட்னி காலணியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றை முடித்து, மற்றொன்றையும் முடித்தாள். "ஆத்துக்கரை வீட்டுப் புகைபோக்கியைப் பத்திச் சொல்ல வாய் வரும். இதுக்கு வராது," என்றாள். அதற்கு மேல் அன்று பேசவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் காரில் ஸ்டெய்னார் மட்டும் பேசினார். ரக்னாவுக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. தான் அத்தனை வருடம் மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது இதைத்தானா என்று அவளுக்குத் தோன்றியது.

கோல்பெய்ன் அடுத்த கிறிஸ்துமஸ் வரை அவள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நாற்பது பேர் முன்னால் தங்கை தன்னைப் பெயர் சொல்லி அதட்டியது ஒரு பக்கம். அதைவிட, ஒட்னி விழுந்தது தன் மணியால் என்பது அவனைத் தின்றது. அவன் வந்தபோது ரக்னா, "தப்பு என்னோடதுண்ணா," என்றாள். அவன், "சரி, காபி போடு," என்றான்.

போட்டி முடிந்து ஏப்ரல் வந்தும் ஒட்னி கூப்பிடவில்லை. மே மாதம் பனி கரைந்தது. நவம்பர் முதல் வாரம் போன் வந்தது. "இங்க பனி விழுந்திருக்கு. அங்க?"

"ஒரு சாண் இருக்கு."

"ஞாயித்துக்கிழமை முதல் பஸ்ல வர்றேன். ஒரு கண்டிஷன். எங்கிட்ட சொல்றதையெல்லாம் மத்தவங்ககிட்டயும் சொல்லிப் பழகு. கொஞ்சமாவது."

ரக்னா பழகினாள், கொஞ்சமாக. அடுத்த வருடம் சலவைக்கூடத்தில் மேலாளர் வேலை நேரத்தைக் கூட்டியபோது எழுந்து நின்று வேண்டாம் என்றவள் அவள்தான்.

இப்போது ரக்னாவுக்கு எழுபத்து நான்கு வயது. முழங்கால் தேய்ந்து, சறுக்குவதை விட்டு ஐந்து வருடம் ஆகிறது. ஒட்னி எழுபத்து மூன்றிலும் வாரத்தில் இரண்டு நாள் ஏரிப் பாதையில் போகிறாள். அவளுக்கு வழி சொல்வது கோல்பெய்னின் பேத்தி. அந்தப் பெண் தன் முதுகில் கட்டிய ஒலிபெருக்கியில் பேசுகிறாள். குரல் நன்றாகக் கேட்கிறது.