நெதர்லாந்துக்குப் போகும் வழியில் தூத்துக்குடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

நெதர்லாந்துக்குப் போகிறவள் முதலில் தூத்துக்குடிக்கு ஏன் போகிறாய் என்று ஈரோட்டில் அம்மா கேட்டார். கடலுக்குள் அலையைப் பதியும் கருவி ஒன்றை விட்டு வைத்திருந்தேன், அதை எடுக்கத்தான். கடல் பொறியியல் ஆராய்ச்சியில் இருக்கும் இளையவர்களை மூன்று மாதம் வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிற திட்டம் ஒன்றில் இந்த வருடம் எனக்கு இடம் கிடைத்தது. நம் கடலின் அலைப்பதிவைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பது நிபந்தனை. அங்கே ஒரு பெரிய தொட்டியில் அதே அலையை எழுப்பி, துறைமுகத்து அலைத்தடுப்புச் சுவரின் மாதிரியை நிறுத்திச் சோதிப்போம். பதிவு இல்லாமல் போனால் தொட்டி வேறு ஆளுக்குப் போய்விடும். அடுத்த முறை விண்ணப்பிக்க எனக்கு வயதும் தாண்டிவிடும்.

செவ்வாய் அதிகாலை சென்னையிலிருந்து விமானம். அதனால் சனிக்கிழமை மாலை ஏழரைக்கு எழும்பூரில் ரயில் ஏறினேன். ஏறத்தாழ அறுநூற்றைம்பது கிலோமீட்டர், படுக்கை வசதிக்கு நானூறு ரூபாய்க்கு மேல் ஆகாது. காலை ஆறேகாலுக்கு இறங்கி, ஆட்டோவில் மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திரேஸ்புரம் போனேன். நூற்றிருபது ரூபாய் கேட்டார், பேரம் பேசவில்லை. அவ்வளவு உற்சாகம்.

படகுக்காரர் கிளாட்வின் சங்கு குளிப்பவர். முப்பத்தெட்டு நாள் முன்பு என் கருவியை இரும்புச் சட்டத்தில் கட்டி ஒன்பது மீட்டர் ஆழத்தில் இறக்கியவரும், அடையாளத்துக்கு மேலே வெள்ளை பிளாஸ்டிக் கேனை மிதக்கவிட்டவரும் அவர்தான். ஏழு மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. போனால், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றுகொண்டு மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கா? இன்னைக்கு ஞாயித்துக்கெழமல்லா மேடம்.”

செல்போனில் அவர் “சரி” என்று அனுப்பியதைக் காட்டினேன்.

“நீங்க தேதியப் போட்டிய, நான் சரின்னு போட்டேன். கெழமைய ரெண்டு பேருமே பாக்கல.”

இரட்டிப்பு வாடகை தருவதாகச் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது, அவர் முகமே மாறிவிட்டது. “துட்டுக்காவ இல்ல மேடம். இங்கன இன்னைக்கு ஒருத்தனும் கடல்ல எறங்க மாட்டான். நாளைக்குக் காலைல அஞ்சரைக்குப் போவோம்.” பக்கத்தில் இன்னும் இரண்டு படகுக்காரர்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் சிரித்தார், இன்னொருவர் அதையும் செய்யவில்லை. நான்கு வருடமாகக் கடலைப் படிக்கிறேன், இந்தக் கரைக்கு ஞாயிறு விடுமுறை என்பது எனக்குத் தெரியவில்லை. கோபமெல்லாம் என்மேல்தான், ஆனால் முகத்தை அவரிடம்தான் தூக்கி வைத்துக்கொண்டேன்.

நாளை காற்று பலத்தால் என்ன செய்வது என்று நான் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் சாவகாசமாக, “மாதா கோயில் பூசைக்கு வாங்க. அங்கன எல்லாரும் வருவாங்க. ஒங்க கேன யாரும் பாத்தாங்களான்னு கேட்டு வைப்போம்” என்றார். கேட்க என்ன இருக்கிறது, இடம் ஜிபிஎஸ்ஸில் துல்லியமாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேதான் போனேன்.

எட்டரைக்குப் பூசை முடிந்து, மாதா கோயில் வாசலில் காப்பியும் பேச்சுமாகக் கூட்டம் நின்றது. கிளாட்வின் நாலைந்து பேரிடம் விசாரித்தார். மிக்கேல் என்ற வலைக்காரர், ஐம்பது வயதிருக்கும், காப்பியைக் கீழே வைத்தார்.

“ஏலே, அந்த இரும்பா? அது என் வலையிலல்லா மாட்டுச்சு. வலைய அறுக்க மனசில்லாம தெக்காம இழுத்துட்டுப் போயி எடுத்து விட்டேன். கேன் கிழிஞ்சு போச்சு, என் செவப்பு மிதப்பக் கட்டிருக்கேன்.” பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “சர்க்கார் சாமானோன்னு பயந்து யார்ட்டயும் சொல்லலம்மா.”

எப்போது என்று கேட்டேன். “இந்த மாசம் மொத வெள்ளி. பூசைக்கு நேரமாச்சேன்னு தவிச்சிட்டுக் கெடந்தேன். ஏழு மணி இருக்கும்.”

கிழமையையும் நேரத்தையும் குறித்துக்கொண்டேன். இந்த ஞாயிறு நான் அடம்பிடித்தபடி ஏழு மணிக்குப் போயிருந்தால், ஜிபிஎஸ் காட்டிய இடத்தில் வெறும் மணலைத்தான் பார்த்திருப்போம். கருவி போனது போனதுதான் என்று அழுதுகொண்டே ரயில் ஏறியிருப்பேன்.

திங்கட்கிழமை ஐந்தரைக்குக் கிளம்பினோம், மிக்கேலும் வந்தார். காற்று இரக்கம் காட்டியது. துறைமுகத்தின் கிரேன்கள் வலப்பக்கம் சின்னதாகத் தெரிய, முக்கால் மணி நேரத்தில் சிவப்பு மிதப்பைக் கண்டுபிடித்தோம். என் புள்ளியிலிருந்து அறுநூறு மீட்டர் தெற்கே. கிளாட்வின் இரண்டாவது முங்கலில் கயிற்றைக் கட்டிவிட்டார். இழுத்து ஏற்றினால், சட்டம் முழுக்க விரல்நகம் அளவில் சிப்பிக்குஞ்சுகள். முத்துச்சிப்பிதான் என்றார். அவற்றைச் சுரண்டாமல் கருவியை மட்டும் கழற்றிக்கொண்டு, சட்டத்தைத் திரும்பக் கடலில் இறக்கிவிட்டோம்.

கிளாட்வின் வீட்டில் மடிக்கணினியை இணைத்தேன். முப்பத்தெட்டு நாளும் பதிவாகியிருந்தது. இருபத்து மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை காலை ஏழு பத்துக்கு, கோடு படியேறினாற்போல் ஒரு துள்ளு துள்ளி, ஆழம் மாறியதால் வேறு உயரத்தில் ஓடியது. எட்டிப் பார்த்த மிக்கேல், “அது நாந்தான்” என்றார். நான் சிரித்தேன், கண்ணில் தண்ணீரும் வந்தது. பிற்பகல் விமானத்தில் சென்னை வந்து, செவ்வாய் அதிகாலை பறந்துவிட்டேன்.

நெதர்லாந்து ஆய்வகத்தில் முதல் கூட்டத்திலேயே அந்தத் துள்ளலில் விரலை வைத்தார்கள். கருவிக் கோளாறு, இதற்குப் பிந்தியதை எல்லாம் தள்ளிவிடலாமா என்றார்கள். இல்லை, இது ஒரு மனிதர், எந்த நேரத்தில் எவ்வளவு தூரம் நகர்த்தினார் என்பதும் தெரியும் என்றேன். பதிவின் இரண்டு பாதியும் பிழைத்தது. இன்றைக்கும் அந்த வரைபடத்தில் அம்புக்குறி போட்டு “மிக்கேல்” என்று எழுதியிருக்கிறது. அந்தத் தொட்டியில் தூத்துக்குடி அலை ஓடுகிறது.

இதே வேலையாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். படகுக்காரருக்குத் தேதியோடு கிழமையையும் எழுதுங்கள். வெளிநாட்டு விமானத்துக்கு முன் மூன்று நாளாவது இடம் விடுங்கள். நகரிலிருந்து தூத்துக்குடி விமான நிலையம் பதினாறு கிலோமீட்டர், அரை மணி நேரம் போதும். இந்த ஊரின் முந்திரி இனிப்பான மக்ரூன் வாங்கினால் கைப்பையில் வையுங்கள், நான் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு மாவாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இப்போது அங்கிருந்து இரண்டு இளம் ஆராய்ச்சியாளர்கள் நம் பக்கம் வருகிறார்கள். அவர்கள் அனுப்பிய திட்டத்தில் முதல் நாள் ஞாயிறு, காலை ஏழு மணிக்குக் கடல் என்று இருந்தது. அதை அடித்துவிட்டு, எட்டரை மணி, மாதா கோயில் வாசல் என்று எழுதினேன். அன்றைக்கு என்ன கருவி கொண்டுவர வேண்டும் என்று கேட்டு அனுப்பியிருந்தார்கள்.

இஸ்திரி போட்ட சட்டை என்று பதில் போட்டேன்.