அக்காவைத் தரையில் இறக்காத காரணம்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. பந்தியில் அமரும் முன் இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும். காகிதத் தட்டுப்பாட்டால் பக்கங்களைக் குறைத்திருக்கிறேன், படமும் இல்லை. அந்தச் சமயம் அக்கா வேலை பார்த்த மலைக்கு வர இயலாத உறவினர்கள் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். உயிர் பிரியும் வேளையில் அக்காவைக் கட்டிலிலிருந்து தரையில் இறக்கிக் கிடத்தாமல் ஏன் விட்டீர்கள் என்பது அது. நம் குடும்பத்தில் யாருக்கும் அப்படி நடந்ததில்லை. ஒவ்வொருவருக்கும் வாயால் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இங்கே எழுதி விடுகிறேன்.

அக்கா பிறந்தது பேளுக்குறிச்சியை அடுத்த நம் தோட்டத்து வீட்டில். எனக்கு மூத்தவர், உடன்பிறந்தவர்கள் நாங்கள் இருவர்தான். சிறுமியாக இருந்தபோது மூட்டுக் காய்ச்சல் வந்து, முழங்கால் வீங்கி, நடக்க முடியாமல் கிடந்தார். காய்ச்சல் விட்டது. அது இருதயத்தில் கோளாறை வைத்துவிட்டுப் போனது பின்னாளில்தான் தெரிந்தது. மணமான சில ஆண்டுகளில் மாமா காலமானார். பிள்ளைகள் இல்லை. சேலத்துக்குப் போய் நர்ஸ் வேலை படிக்கிறேன் என்று அக்கா சொன்னபோது வீட்டில் பேச்சு வளர்ந்தது. அப்பாவின் தங்கையான அத்தை, "ஊரான் பிள்ளைக்குச் சளி தொடைக்கறதுக்குப் படிப்பு வேற வேணுமா?" என்றார்.

"நம்மூட்டுப் பிள்ளைக்குத் தொடைக்கறதுக்கும் அதே படிப்புத்தானுங்க அத்தை" என்றார் அக்கா. அத்தை நெடுநாள் பேசவில்லை.

படிப்பு முடிந்ததும் அக்கா மலைமேல் உள்ள வளப்பூர் நாட்டில் ஒரு தர்ம வைத்தியசாலைக்குப் போனார். டாக்டர் சேந்தமங்கலத்திலிருந்து எப்போதாவது மலையேறி வருவார். மற்ற நாட்களில் அக்காதான். மழை பிடித்துக்கொண்டால் மூச்சுத் திணறும் குழந்தைகள் வரும். கபம் கட்டியவை, கக்குவான் இருமல் கண்டவை, இழுப்பு உள்ளவை. மலையில் குளிருக்காக அடுப்பருகே குழந்தையை மல்லாக்கக் கிடத்தி, கம்பளியால் மூடி, கதவைச் சாத்தி விடுவார்கள். புகைக்கும் போக வழி இராது.

அக்கா முதலில் குழந்தையை நிமிர்த்துவார். சாமை உமி அடைத்த சாக்குகளை முதுகுக்கு அடுக்கி, அதில் சாய்த்து உட்கார வைப்பார். பிறகு கதவைத் திறப்பார். நாடி பார்ப்பதும் வெந்நீர் ஆவியும் சிறுகச் சிறுகப் புகட்டும் கஞ்சித் தண்ணீரும் அதற்கப்புறம். நான் போயிருந்த ஒரு சமயம் ஒரு தகப்பன், "குளிரடிக்குதுங்களே, கதவைச் சாத்தலாமுங்களா?" என்று கேட்டார்.

"குளிருக்குக் கம்பளி இருக்குது. மூச்சுக்கு வேற என்ன வெச்சிருக்கீங்க?" என்றார் அக்கா. அவர் சிரித்துவிட்டுக் கதவை விட்டுவிட்டார்.

பூவாயி என்ற மலைப் பெண்ணின் மகள் செல்லி. பிறவியிலேயே இருதயக் கோளாறு. நாவற்பழம் தின்றவள் போல உதடெல்லாம் நீலம். நாலடி நடப்பாள், முழங்காலை மார்போடு மடக்கிக் குந்திவிடுவாள். சோம்பல் என்று எண்ணிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். அக்கா அந்தக் கையை விடுவித்து, "குந்தினாத்தான் இவளுக்கு மூச்சு வருது. ஆரும் சொல்லித் தரலை, இவளே கண்டுபுடிச்சிருக்கா. சமத்து சாமி" என்றார். முதுகில் கட்டித் தூக்கும்போது கால்களைத் தொங்கவிடாமல் மடக்கிக் கட்டக் கற்றுக் கொடுத்தார்.

"கொணமாயிருமுங்களா?" என்றாள் பூவாயி.

"ஆகாது பூவாயி. செரமப்படாம வெச்சுக்கலாம்."

அந்தப் பிள்ளை இரண்டு மழைக்காலம் இருந்தது. போகும்போதும் தாய் மடியில் கால் மடக்கி உட்கார்ந்தபடிதான் இருந்தது. அதன் பிறகு பூவாயி அக்காவுடனேயே வேலைக்கு இருந்துவிட்டாள்.

யுத்தம் நடந்த ஆண்டுகளில் அக்காவுக்கே மூச்சு வாங்கத் தொடங்கியது. இனி மலை ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னார். கீழே வந்துவிடும்படி நான் போய் அழைத்தேன். "எறங்கினாத்தானே ஏறோணும்? நான் எறங்கலே" என்று சிரித்தார். அது முதல் எந்தக் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் அக்கா வந்ததில்லை. செருக்கு என்று சிலர் நினைத்தார்கள். காரணம் இதுதான்.

சென்ற ஐப்பசியில் மலையிலிருந்து ஆள் வந்தது. நானும் அத்தையும் புறப்பட்டோம். அத்தையை டோலியில் தூக்கி வந்தார்கள். அக்கா கால் வீங்கி, கட்டிலில் உமிச் சாக்குகள்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு எடுக்க வேண்டியிருந்தது.

"அத்தை... மலைக்காரி ஊட்டுக்கு... வந்துட்டீங்களே."

"பேசாம மூச்சை வுடு கண்ணு" என்றார் அத்தை.

மறுநாள் காலை நாடி தளர்ந்தது. அத்தை என்னிடம், "கட்டில்ல உசுரு போகப்படாது சாமி. பாயைப் போடு. தெக்கே தலை வெச்சுக் கெடத்தலாம்" என்றார்.

"படுக்க வெச்சா மூச்சு முட்டுமுங்க" என்றாள் பூவாயி.

"எங்கூட்டு வழக்கம் உனக்கென்ன தெரியும்?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து, "அக்கா, கீழே படுக்க வைக்கட்டுங்களா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். நினைவு தப்பியவள் அசைப்பதை ஒரு பொருட்டாக்குவதா என்றார் அத்தை. தாமே தோளுக்கடியில் கைகொடுத்துச் சற்றுச் சாய்த்தார். அக்காவின் கண்கள் அகன்றன. வாய் திறந்தது; மூச்சு உள்ளே போகவில்லை. கை அத்தையின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டது.

"நிமித்து, நிமித்து" என்றார் அத்தை. நிமிர்த்தினோம். சிறிது நேரத்தில் மூச்சு வந்தது. பாய் போட வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். வழக்கத்தை மீறிய பொறுப்பு என்னுடையது. வேறு யாரையும் கேட்க வேண்டாம்.

அத்தை சாக்குகளைத் தள்ளிவிட்டுக் கட்டிலில் ஏறி, அக்காவின் பின்னால் கால் நீட்டி உட்கார்ந்து, அக்காவைத் தம் மார்பில் சாய்த்துக்கொண்டார். உச்சிப் பொழுதுவரை அப்படியே இருந்தார். நான் ஜன்னலோரம் நின்றேன். அன்றைய நாட்குறிப்பில் மழை என்று மட்டும் எழுதியிருக்கிறேன். வேறெதுவும் எழுதத் தோன்றவில்லை; இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

அந்த மழையில் வழுக்குப் பாதையில் டோலி சுமந்தவர்களுக்கும், தகவல் கேட்டு மலையேறி வந்த டாக்டருக்கும், அக்காவைத் தங்கள் மண்ணிலேயே அடக்கம் செய்ய இடம் தந்த வளப்பூர் நாட்டு மக்களுக்கும், கடைசிவரை உடனிருந்த பூவாயிக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அத்தைக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். மூச்சு நின்றதை முதலில் அறிந்தவர் அவர்தான். என்னிடம் அதைச் சொல்லவில்லை. அக்காவை அணைத்த கையை எடுக்காமல், பூவாயியைப் பார்த்து, "இப்பப் படுக்க வெக்கலாமா?" என்று கேட்டார்.

"வெக்கலாமுங்க" என்றாள் பூவாயி.

அதன் பிறகே பாய் விரித்தோம்.