பயத்தங்கொடி வேரில் உருண்டைகள்

தோட்ட வேலையில் சேர்ந்த மூன்றாம் நாளே பன்னிரண்டு பயத்தங்கொடிகளைப் பிடுங்கிப் போட்டவன் நான். பிள்ளைகளே, அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

தோ பாயோ வட்டாரத்தில் பலமாடிக் கார்பார்க் ஒன்றின் மொட்டைமாடியில் தோட்டம். முதலாளி பரீதா மேடம். "ஒரு மாசம் பார்ப்பேன், சரிப்பட்டா வச்சுக்குவேன் லா" என்று சொல்லித்தான் என்னை எடுத்தார்.

அதற்கு முன் எனக்கு டைல் வேலை. ஒரு டைலைத் தட்டி வெற்றுச் சத்தம் கேட்டால், சூப்பர்வைசர் வருமுன் அந்த வரிசையையே பெயர்த்துவிடுவோம். பழகிய கை சும்மா இருக்குமா?

அன்று மேடம் தேக்கா சந்தைக்குக் காய்கறி கொண்டுபோயிருந்தார். ஒரு கொடி வாடி நின்றது. பிடுங்கினேன். வேர் முழுக்க மிளகு மாதிரி உருண்டைகள். பக்கத்துக் கொடியிலும் அப்படியே. நோய்தான் என்று முடிவு கட்டி, வரிசை முழுவதையும் பிடுங்கிப் பையில் இறுக்கிக் கட்டினேன். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினேன். பெருமை வேறு. மேடம் திரும்பியதும் பையை நீட்டினேன்.

"மேடம், நோயைப் பிடிச்சுட்டேன்!"

பையைப் பிரித்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யா அல்லாஹ்! அண்ணே, நாளைக்குக் காய் பறிக்க வேண்டிய கொடி லா இது!"

ஓர் உருண்டையை நகத்தால் சுரண்டினார். சட்டென்று கழன்றது. நசுக்கினார். உள்ளே இளஞ்சிவப்பு.

"இதுக்குள்ள பாக்டீரியா இருக்கு. காத்துல இருக்கற நைட்ரஜனைப் பிடிச்சு செடிக்குக் கொடுக்குது. செடி அதுக்குச் சர்க்கரை கொடுக்குது. நோய்னா வேரே வீங்கியிருக்கும், இப்படிக் கழண்டு வராது. நீங்க சமையல்காரனையே வெளிய தள்ளிட்டீங்க!"

"அப்ப அந்த ஒண்ணு ஏன் வாடுச்சு?"

"தண்ணி பைப் அடைச்சிருக்கு. பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை.

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். "நாளைக்கு வரட்டுமா, மேடம்?" என்றேன்.

"வராம? இந்த வேரையெல்லாம் யார் வெட்டி மண்ணுல போடுறது? அதுல இருக்கற சத்து மண்ணுல சேரும். அங்கேயே முளைக்கீரை விதைங்க. அது எப்படி வருதுன்னு பார்த்துட்டுப் பேசலாம்."

விதைத்தேன். தினமும் அரை மணி முன்னாலேயே போய்ப் பைப்பைப் பார்த்தேன். மாதக் கடைசியில் கீரை தளதளவென்று நின்றது. மேடம் ஒரு கட்டு அறுத்து என் கையில் கொடுத்தார்.

"வீட்டுக்குக் கொண்டுபோங்க. அடுத்த மாசத்துக்குப் புது கையுறை வாங்கணும், உங்க சைஸ் என்ன?"

புரியாத ஒன்றைப் பார்த்தால் முதலில் கேளுங்கள், பிள்ளைகளே. பிடுங்க அப்புறமும் நேரம் இருக்கும்.