கரையைப் பார்த்து நிண்ட படகு

றஞ்சிதம் மச்சாள் கொழும்பில கண்காட்சி பார்க்கப் போய்ப் பொலிசில மாட்டினவ எண்டு ஊரில ஒரு கதை உலாவுது. பச்சைப் பொய். நாங்கள் அதுக்குள்ள போனது கக்கூசுக்கு. பொலிசு வரவேயில்லை. பக்கத்தில நிண்டவள் நான், அதால நானே சொல்லுறன்.

மச்சாள் என்ர அண்ணன் யாகப்பரின்ர மனிசி. அண்ணன் கடல்தொழிலுக்குப் போக, இவ கருவாடு போட்டு வித்துப் பிள்ளையளைக் கரைசேர்த்தவ. ஒண்டை நினைச்சா நினைச்சதுதான். கருவாட்டு மூட்டையை ஏத்தமாட்டன் எண்ட பஸ்ஸுக்கு முன்னால போய் நிண்டு, டிரைவரே இறங்கிவந்து மூட்டையைத் தூக்கி வைக்கும்வரை நகராத ஆள்.

அண்டைக்குக் காலமை கொழும்பு ஆசுப்பத்திரியில அண்ணனை நெஞ்சு ஒப்பிறேசனுக்கு உள்ளுக்குக் கொண்டுபோட்டினம். எங்களைப் பின்னேரம் வரச்சொல்லித் துரத்திவிட்டினம். மச்சாளின்ர மகன் மில்ரன் மட்டும் வாசலில நிண்டான். "மாமி, அம்மாவோட எங்கயாவது இருங்கோ, முடிஞ்ச உடன போன் எடுக்கிறன்" எண்டான். வெளியில நல்ல மழை. எதிரில ஒரு கண்ணாடிக் கட்டடம், கதவும் திறந்து கிடந்தது. புகுந்திட்டம்.

அலுவலை முடிச்சுப்போட்டு வந்தால் மச்சாள் வெளிக்கிடுறா இல்லை. "கண்காட்சி நடக்குது, ரிக்கெற் எடுக்கத் தேவையில்லையாம். வந்தது வந்தாச்சு, பார்த்திட்டுப் போவம்." பயத்தை மறக்கத்தான் கேக்கிறா எண்டு விளங்கிச்சுது.

முதல் அறையில கதிரையளைக் கூரையில தலைகீழாத் தொங்கவிட்டிருந்தினம். நான் கால் உளைஞ்சு நிக்கிறன், கீழ இருக்க ஒரு கதிரை இல்லை! அடுத்ததில ஆள் உயர வெள்ளைச் சீலை, நடுவில ஒரேயொரு கறுப்புக் கோடு.

"இதை நானும் கீறுவன்" எண்டன்.

"நீயோ? இவ்வளவு வெள்ளையை விட்டுவைக்க உனக்கு மனம் வருமோ? மூலைக்கு ஒரு பூவாவது போட்டிருப்பாய்" எண்டா மச்சாள். நல்லாத்தான் தந்தா.

பிறகு ஒரு ரீவி. அதில ஒரு பொம்பிளை வெங்காயம் உரிக்கிறா, உரிக்கிறா, உரிச்சுக்கொண்டே இருக்கிறா. எனக்கு விசர் வந்தது. மச்சாள் நிலத்தில இருந்திட்டா. "பாவமடி, ஒருத்தரும் வந்து ஒரு கை குடுக்கினமில்லை" எண்டு முந்தானையால கண்ணைத் துடைச்சா.

கடைசி அறையில மணல் கொட்டி, அதில ஒரு படகு. எங்கட பக்கத்துப் பைபர் படகுதான், நீலம் உரிஞ்சு கிடந்தது. பின்சுவரில கடல் அலையடிக்கிற படம் ஓடுது. மச்சாள் செருப்பைக் கழட்டிக் குருசு போட்டா. பிறகுதான் வடிவாப் பார்த்தா.

"ஐயோ என்ர மாதாவே!"

நானும் பார்த்தன். எங்கட கரையில படகின்ர முன்பக்கம் எப்பவும் கடலைத்தான் பார்க்கவேணும். படகுக்காரன் செத்தால் மட்டும் கரையைப் பார்க்கத் திருப்பிவைப்பம். முப்பத்தோராம் நாள் பூசை முடிய, சொந்தக்காரர் கூடித் திரும்பவும் கடல்பக்கம் திருப்பிவிடுவினம். இந்தப் படகு கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டது.

"இதைத் திருப்பவேணும்."

"மச்சாள், விசர்க்கதை கதையாதேங்கோ. இது ஆரின்ரையோ சாமான்."

"ஆரின்ரையாவும் இருக்கட்டும். உன்ர கொண்ணன் அங்க கத்திக்குக் கீழ கிடக்கிறார். இதை இப்பிடிப் பார்த்துப்போட்டு நான் போகமாட்டன்!"

சொல்லிப்போட்டுப் படகில கைவைச்சா. அங்க வேலைசெய்யிற பெட்டை ஓடிவந்து சிங்களத்தில ஏதோ சொன்னாள். காவல்காரரும் வந்திட்டார். மச்சாள் மணலில சம்மாணம் கட்டி இருந்திட்டா. "பொலிசைக் கூப்பிடுங்கோ. திருப்பாமல் எழும்பன்." நான் வெக்கத்தில செத்தன். அந்தப் பெட்டை ஆருக்கோ போன் எடுத்தாள்.

கொஞ்ச நேரத்தால ஒரு தாடிக்காரப் பொடியன் நனைஞ்சுகொண்டு வந்தான். பேர் லக்சனாம், படகைக் கொண்டுவந்து வைச்சவன் அவன்தானாம். தமிழ் எண்டதும் மச்சாள் ஏறி விழுந்தா. "படகை எப்பிடி வைக்கிறதெண்டு தெரியாட்டி ஆரையும் கேக்கக்கூடாதோ?"

"தெரிஞ்சுதான் வைச்சனான், அம்மா. நான் தலைமன்னார். இது அப்பான்ர படகு."

மச்சாள் குரலை இறக்கிக் கேட்டா.

"அப்பா தவறினது எப்ப, ராசா?"

"நான் சின்னப்பிள்ளையில. படகு மட்டும் வந்து ஒதுங்கினது, ஆள் வரேல்லை. ஊரார் இப்பிடித் திருப்பி வைச்சினம். அம்மா பூசைக்கு விடேல்லை. அவர் வருவார் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தா. அப்ப முப்பத்தொரு நாளை எந்த நாளில இருந்து எண்ணுறது? போன வருசம் அவவும் போயிட்டா. படகு அப்பிடியே நிக்குது."

எனக்கு அந்த இடத்திலயே மண்ணுக்குள்ள போகலாம்போல கிடந்தது. மச்சாள் எழும்பினா, ஆனால் போகேல்லை.

"பொய் சொல்லமாட்டன் தம்பி. என்ர மனிசனுக்காகத்தான் குந்தினனான். இப்ப உன்ர அப்பாவுக்காகவும் கேக்கிறன். திருப்புவம்."

"திருப்பினா நான் செய்த வேலையே இல்லாமப் போயிடும், அம்மா."

"போகட்டுமே. நீ இதை ஊரூராக் காவிக்கொண்டு திரியிறியே, எவ்வளவு காலத்துக்கு?"

"சொந்தக்காரர் கூடித்தானே திருப்பவேணும். எனக்கு ஒருத்தருமில்லை."

"நாங்கள் நிக்கிறமே, கண் தெரியேல்லையோ?"

அவன் குனிஞ்சு சப்பாத்தைக் கழட்டினான். அதைப் பார்த்துக் காவல்காரரும் கழட்டிப்போட்டு வந்து தோள்குடுத்தார். நான் பின்பக்கம் பிடிச்சன். மணலில உரஞ்சி உரஞ்சி, படகு மெல்ல மெல்லக் கடல்பக்கம் திரும்பிச்சுது.

இறந்தவருக்குச் செபம் சொல்லவேணும். "அப்பான்ர பேர் என்ன, ராசா?" எண்டு மச்சாள் கேட்டா.

"யாகப்பர்."

எங்கட கரையில யாகப்பருக்குப் பஞ்சமில்லைத்தான். ஆனாலும் அண்ணன் கத்திக்குக் கீழ கிடக்கிற நேரத்தில அவரின்ர பேரே! "மச்சாள், வேண்டாம், மனசுக்குள்ள சொல்லுங்கோ" எண்டு அவவின்ர கையைப் பிடிச்சன். அவ என்ர கையைத் தட்டிவிட்டா. படகில கைவைச்சு, அறை முழுக்கக் கேக்க, யாகப்பரின்ர ஆத்துமத்துக்கு இளைப்பாற்றி கேட்டுச் செபத்தைத் தொடங்கினா. ஒரு சொல்லையும் விழுங்கேல்லை. இடையில என்ர போன் அடிச்சுது. "முடியட்டும்" எண்டு கண்ணால காட்டினா. முடிஞ்சுது. லக்சன் குழறி அழத் தொடங்கினான்.

நான் போனை எடுத்தன்.

"மாமி, அப்பாவுக்கு நல்லபடியா முடிஞ்சுதாம்! அம்மாவிட்டக் குடுங்கோ" எண்டு மில்ரன் கத்தினான்.

"கொஞ்சம் பொறடா," எண்டன். "உன்ர கொம்மாவைக் கட்டிப்பிடிச்சு இஞ்ச ஒரு பிள்ளை அழுறான்."