மாப்பிள்ளையின் வலது முட்டி

அம்மா வீட்டு அடுப்படிக்கும் அய்யாவின் டீக்கடைக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான். கடையில் பேசுவதெல்லாம் உள்ளே கேட்கும். உள்ளே பேசுவது வெளியே கேட்காது என்று நாங்களாக நினைத்துக்கொண்டிருந்தோம். போன வருஷம் ஒரு சாயங்காலம் மகளுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் என் கணவரைப் பற்றிப் பேச்சு வந்தது. கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

"மாப்பிள்ளையப் பாட விட்ருவோம். வேற ஆளு யாரு இருக்கா?"

சொன்னது பெரியப்பா, அய்யாவின் அண்ணன். எங்கள் ஊர்க் கபடி அணியில் யார் ஆடுவது, யார் எங்கே நிற்பது என்று முடிவு செய்கிறவர் அவர்தான். ஆனால் அவர் முடிவு செய்வதற்கு முன்பு ஒரு வாரமாவது டீக்கடையில் எல்லோரும் சண்டை போட்டாக வேண்டும்.

திருவிழா ஆட்டத்துக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. எங்கள் அணியில் வழக்கமாக எதிரணிப் பக்கம் கபடி பாடிப் போகிறவருக்கு, வலை இழுக்கும்போது திருக்கை மீன் முள் குதிகாலில் ஏறிவிட்டது. கால் வீங்கிப் படுத்திருந்தார். வெளியூர் ஆட்களைச் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்துத் திருவிழா ஆட்டங்களில் கண்டிப்பான விதி. மாப்பிள்ளைமாருக்கு மட்டும் விலக்கு உண்டு. ஊரில் பெண் எடுத்தவர் ஊர்க்காரர்தான் என்பார்கள். என் கணவருக்கு உத்தரகோசமங்கைப் பக்கம். கல்லூரியில் படித்தபோது நன்றாக ஆடியவர் என்று கல்யாணப் பேச்சிலேயே பெருமையாகச் சொல்லியிருந்தார்கள்.

"ஒரு வருசம் கத்தார்ல உக்காந்து குப்பூஸ் ரொட்டி தின்ன உடம்புய்யா அது," என்றார் மீன் ஏலக்காரர். பெரியப்பா எதைச் சொன்னாலும் மறுப்பதற்காகவே கடைக்கு வருகிறவர் அவர். "பாடப் போனா மூச்சு நிக்குமா?"

"ஒரு கூடை நெத்திலிக்கு நீ விடுற மூச்சுல பாதி இருந்தாப் போதும், அவரு ரெண்டு பேரத் தொட்டுட்டு வந்துருவாரு."

"அப்ப கவர்ல நிப்பாட்டுங்க. கார்னர்காரன் புடிச்சதும் கூடப் போயி அமுக்கட்டும். பாடுறதுக்கு உங்க சின்னத்தம்பி மகனையே விடுங்க."

"அவன் இடது கார்னர்லே. அவன எடுத்துட்டா அந்த மூலையில உன் தராசையா நிப்பாட்டுறது?"

சின்னத்தம்பி மகன் என்பது என் தம்பி. கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அய்யா டீ ஆற்றிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. நான் கூழ்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, அவர் ஊர்க் கண்மாய்க் கரையில் என் கணவர் வழுக்கி விழுந்திருந்தார். வலது முட்டி. ராமநாதபுரத்தில் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, உள்ளே தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, நடக்கலாம், ஆனால் ஆறு மாதத்துக்கு ஓடவோ காலை ஊன்றித் திரும்பவோ கூடாது என்றார். அந்த ரிப்போர்ட்டை மகளின் தடுப்பூசி அட்டை இருக்கும் பையில் மடித்து வைத்தேன். யாருக்கும் சொல்லவில்லை. டீக்கடைப் பேச்சு நடந்த நாளிலிருந்து மூன்று வாரத்தில் அவருக்கு வெளிநாட்டில் புது வேலைக்கான மெடிக்கல் பரிசோதனை இருந்தது. அதில் உட்கார்ந்து எழச் சொல்வார்கள். வேலைக்கு ஆள் அனுப்புகிறவரும் எங்கள் ஊர்க்காரர்தான். டீக்கடையில் ஒரு வார்த்தை விழுந்தால் அரை மணி நேரத்தில் அவர் காதுக்குப் போய்விடும்.

அந்தச் சாயங்காலமே பெரியப்பா வீட்டுக்குள் வந்து, திருவிழாவுக்கு வந்திருந்த மாப்பிள்ளையிடமே கேட்டுவிட்டார். "மாப்ள, நம்ம ஊருக்காக நாலு ரைடு பாடணும்." என் கணவர் என்னைப் பார்த்தார். நான் மகளின் வாயைத் துடைத்தேன். "பாப்போம் மாமா," என்றார். எங்கள் ஊரில் மாப்பிள்ளை "பாப்போம்" என்றால் சரி என்று அர்த்தம். பெரியப்பா போகும்போதே தடுப்புக்கு அந்தப் பக்கம், "ஒத்துக்கிட்டாரு," என்று சொல்லிக்கொண்டே போனார்.

"முடியாதுன்னு சொல்லிருக்கலாம்ல," என்றேன், பெரியப்பா போனதும்.

"என்ன காரணம் சொல்லச் சொல்ற?"

"வயித்து வலின்னு."

"ஆறு நாளைக்கா?"

 பெண் எடுத்த ஊர் முதல்முறை ஒன்று கேட்கும்போது காரணம் இல்லாமல் மறுத்தால், பேச்சு அவரோடு நிற்காது, என் அய்யா வரைக்கும் வரும். அது எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் என்னைப் பார்த்த அந்த ஒரு நொடியில் நான்தான் வாயைத் திறந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

மறுநாள் தம்பி அடுப்படிக்கு வந்தான். "அக்கா, மச்சான் வாசப்படி இறங்கும்போது ஏன் எப்பவும் ஒரே காலை முன்னால வைக்கிறாரு?"

கார்னரில் நிற்கிறவன் கண்ணுக்கு அதெல்லாம் தப்பாது. என்னால் மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். சொன்ன உடனே சொல்லியிருக்கக் கூடாதோ என்று ஆகிவிட்டது. "யார்ட்டயும் சொல்ல மாட்டேன், பாப்பா மேல சத்தியம்," என்று அவன் கையை நீட்டினான். "அவ தலையில கை வைக்காத," என்று தட்டிவிட்டேன்.

அவன் என் பக்கத்தில் குந்தினான். "முட்டிக்குக் கேப் போடாம ஆடக் கூடாதுக்கா. ஆனா கேப் போட்டா, நானா இருந்தாலும் அந்தக் காலத்தான் புடிப்பேன். பாடுறவன் உள்ள வந்ததும் கார்னர்காரன் மொதல்ல அதத்தான் பாப்பான்."

"அப்போ நல்ல காலுக்குப் போட்டா?"

அவன் என்னையே பார்த்தான். "பெரியப்பாவ எந்திரிக்கச் சொல்லிட்டு உன்னைய உக்கார வைக்கலாம்க்கா."

அந்த ஒரு நாள் முழுக்க எனக்குள் ஒரு பெருமை இருந்தது. ராமநாதபுரம் போய் மருந்துக் கடையில் கறுப்பு நிறக் கேப் வாங்கி வந்து, நானே அவருடைய இடது முட்டியில் ஏற்றிவிட்டுப் பார்த்தேன். தூரத்திலிருந்தே தெரிந்தது. "எடுப்பா இருக்கு," என்று அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அடிபட்ட வலது முட்டி, ஒன்றும் ஆகாதது போல வெறுமனே இருந்தது.

ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கடலை ஒட்டிய பொட்டலில் தண்ணீர் தெளித்துக் கோடு போட்டிருந்தார்கள். பெண்கள் மேட்டில் நின்றோம். மகள் என் இடுப்பில். அப்போது அவளுக்குப் பதினொரு மாதம். என் கணவர் கத்தாரிலிருந்து வந்து ஒரு மாதம் வரைக்கும் அவரைப் பார்த்தாலே அழுதவள். பிறகு ஒட்டிக்கொண்டு, என்னையும் அவரையும் தவிர யார் தூக்கினாலும் ஊரே கேட்கும்படி கத்துவாள்.

முதல் ரைடில் அவர் போய் ஒருவரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பினார். மேட்டுக்குக் கீழே நின்ற ஏலக்காரர், "குப்பூஸ்லயும் சத்து இருக்குதான்யா," என்றார். பெரியப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மூச்சு விட்டேன்.

இரண்டாவது ரைடில் எதிரணி கார்னர் தாவி அவருடைய இடது காலைப் பிடித்தான். கேப் போட்ட கால். நாங்கள் நினைத்தது அப்படியே நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. இடது கால் பிடிபட்டால், கோட்டைத் தொட அவர் முழு உடம்பையும் வலது காலில் ஊன்றித்தான் திருப்ப வேண்டும். அவர் திருப்பினார். மிளகாயைக் கடித்துவிட்டால் வாயை இறுக்கிக்கொள்வாரே, அதே முகம். அதற்குள் இரண்டு பேர் மேலே விழுந்துவிட்டார்கள்.

அவுட். வெளிக்கோட்டுக்கு அப்பால் போய் உட்கார்ந்தார். வலது காலை மடக்காமல் நீட்டியிருந்தார். கையால் தடவிக்கொண்டது இடது முட்டியை. எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதற்காக.

எங்கள் அணி ஒரு ஆளைப் பிடித்தால் அவர் உயிர் பெற்று மறுபடி உள்ளே போக வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் அதற்காகக் கத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் யாரும் யாரையும் பிடித்துவிடக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன், சொந்தத் தம்பி இடது கார்னரில் நிற்கும்போது.

எப்போது மேட்டிலிருந்து இறங்கினேன் என்று தெரியவில்லை. "ஏ, எங்கன போற?" என்று அம்மா கூப்பிட்டது கேட்டது. ஆண்கள் உட்கார்ந்திருந்த வரிசையைத் தாண்டிப் போய், மகளை அவர் மடியில் வைத்தேன்.

"செத்த பிடிச்சுக்கோங்க. அம்மா கூப்பிடுறாங்க."

திரும்பி வந்து, மகள் கண்ணில் படாமல் இரண்டு பெண்களுக்குப் பின்னால் மறைந்து நின்றேன். 

அடுத்த ரைடிலேயே தம்பி பிடித்துவிட்டான். நல்ல பிடி. கூட்டம் எழுந்து நின்றது. "மாப்ள, உள்ள வாங்க," என்றார் பெரியப்பா. என் கணவர் மகளைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் கொடுத்தார். அவள் வீறிட்டாள். பனியனைப் பிடித்த பிடியை விடவில்லை. இன்னொருவர் கை நீட்டினார், இன்னும் கத்தினாள்.

மைக்கில் பேசுகிறவருக்கு வாய் சும்மா இருக்குமா? "மாப்பிள்ளைக்கு வீட்டுல சூப்பர் டேக்கிள். ஒரு வயசுகூட ஆகாத கார்னர் புடிச்ச பிடி, விடல."

பொட்டலே சிரித்தது. அவரும் சிரித்தார், பிறகு தலையைத் திருப்பி மேட்டைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். பெரியப்பா கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சரி, நீங்க இருங்க," என்று வேறொருவரை மாற்றாக உள்ளே அனுப்பினார். மூன்று புள்ளியில் தோற்றோம்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி மீன் பெட்டியிலிருந்து ஐஸ் அள்ளி வந்தான். துண்டில் சுற்றி வலது முட்டியில் வைத்தோம். அறை முழுக்க மீன் வாடை.

"வேணும்னுதான கொண்டு வந்து வச்ச?" என்றார்.

"இல்லைங்க. அம்மா கூப்பிட்டாங்க."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கோபமா, நிம்மதியா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால், அந்த இரண்டாவது ரைடுக்கு முன்னாலேயே போயிருந்தால்? அந்தக் கேப்பை நான் வாங்காமலே இருந்திருந்தால் அந்தக் கார்னர்காரன் எந்தக் காலைப் பிடித்திருப்பான்? தம்பி போனில் எடுக்கச் சொல்லியிருந்த வீடியோவை எத்தனையோ முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்றும் தெரிவதில்லை.

வீக்கம் வடிய ஒன்பது நாள் ஆனது. மெடிக்கலில் மூன்று தடவை உட்கார்ந்து எழுந்ததாகச் சொன்னார். வலித்ததா என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல," என்றார். மாதக் கடைசியில் விமானம் ஏறினார்.

அதிலிருந்து வீடியோ கால் வரும்போதெல்லாம், நடந்து காட்டுங்க என்பேன். போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அந்தச் சின்ன அறையில் நாலு எட்டு நடப்பார். போன் வைத்திருக்கும் உயரத்துக்கு இடுப்புக்கு மேலேதான் தெரியும். "சரியாத்தான நடக்குறேன்?" என்பார். சரியாகத்தான் இருக்கிறது என்பேன்.

இந்த வருஷம் திருவிழா நெருங்குகிறது. அவர் பத்து நாள் லீவில் வருகிறார். நான் மகளோடு அம்மா வீட்டில் இருக்கிறேன். நேற்றுச் சாயங்காலம் தடுப்புக்கு அந்தப் பக்கம் பேச்சு ஆரம்பித்தது.

"போன தடவ மாப்பிள்ள உள்ள நின்னுருந்தா நம்மதான் செயிச்சிருப்போம். இந்தத் தடவ மொதப் பேரே அவரு பேரு." இதைச் சொன்னது ஏலக்காரர்.

"எழுதிக்க," என்றார் பெரியப்பா. அவர்கள் இருவரும் ஒத்துப்போய் நேற்றுதான் கேட்டேன்.

அடுப்பை அணைத்தேன். இந்தத் தடவை பாப்பாவுக்கு இரண்டு வயது நெருங்குகிறது, யார் கூப்பிட்டாலும் போய்விடுவாள். மடியில் வைக்க எனக்கு வேறு ஆள் இல்லை. தகரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"பெரியப்பா, அவர் பேரை எழுதாதீங்க. அவருக்கு வலது முட்டி போன வருஷ ஆட்டத்துக்கு முன்னாலயே கிழிஞ்சிருக்கு."

டீ ஆற்றும் சத்தம் நின்றது. 

"வலதா?" என்றார் ஏலக்காரர் மெதுவாக. "கேப்பு இடதுலல்ல இருந்துச்சு?"

"அதான. அப்ப அந்தப் பய தப்பான காலையில்ல புடிச்சிருக்கான்."

"தப்பான காலப் புடிச்சே அவரு வெளிய போயிட்டாரே. சரியான காலப் புடிச்சிருந்தா?"

"சரியான காலப் புடிச்சிருந்தா வலது மடங்கிருக்கும், இடதுல ஊண்டி எட்டிப் பாஞ்சுருப்பாருய்யா."

அவ்வளவுதான், மறுபடியும் சண்டை பிடித்துக்கொண்டது. யார் சொன்ன யோசனை அது, நல்ல யோசனையா, கெட்ட யோசனையா என்று. யாரோ பெஞ்சில் கையால் கோடு போட்டுக் காட்டும் சத்தம்கூடக் கேட்டது. பெரியப்பா மட்டும், "பேர அடிச்சிரு," என்றார்.

நான் அடுப்பைப் பற்ற வைத்தேன். அரை மணி நேரத்தில் இது அந்த வேலைக்கு அனுப்புகிறவர் காதுக்குப் போயிருக்கும். என் கணவருடைய ஒப்பந்தம் இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. அதைப் புதுப்பிக்கும்போது மறுபடி மெடிக்கல் உண்டு. போனில் அவரிடம் சொல்ல வேண்டும். அவர் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும். இன்று காலையிலிருந்து இரண்டு தடவை வீடியோ கால் வந்துவிட்டது, இரண்டு தடவையும் நடந்து காட்டினார்.