நைனாவுக்காகக் கம்பைல் செய்த குரல்

நைனாவின் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று புதுச்சேரி மருத்துவமனையில் சொன்னார்கள். அறுவை சிகிச்சைக்குப் பத்து நாள் தள்ளித் தேதி கொடுத்தார்கள். செஞ்சிக்குத் திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். முப்பது வருடம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அமாவாசைக் கூட்டத்தில் அவர் "மலையனூர், மலையனூர்" என்று கூவினால் பஸ் ஸ்டாண்டின் அந்தக் கோடி வரை கேட்கும். அன்று திண்டிவனம் தாண்டும் வரை டிக்கெட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தார். பிறகு, "இனிமே உங்கம்மாவ நான் எப்புடிம்மா கூப்புடறது?" என்றார்.

"கம்ப்யூட்டர்ல டைப் பண்ணா அது பேசும் நைனா. நான் செஞ்சு தரேன்."

சொல்லிவிட்டேன். வீட்டில் இருந்த என் பழைய லேப்டாப்பில் நான் போட்டிருந்த இயங்குதளமோ கொஞ்சம் பிடிவாதக்காரப் பேர்வழி. அதில் எந்த மென்பொருளும் தயாராகக் கிடைக்காது. மூல நிரலை இறக்கி, நம் கணினியிலேயே கம்பைல் செய்து, அதாவது ஓடக்கூடிய மென்பொருளாகக் கட்டி, எடுத்துக்கொள்ள வேண்டும். என்னென்ன வசதி வேண்டும் என்று ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைக்க வேண்டும். வேண்டாததற்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. சின்ன மெஷின் ஆயிற்றே என்று, பேச்சுக்கும் ஒலிக்கும் முன்னால் எப்போதோ கழித்தல் குறி போட்டு வைத்திருந்தேன். இப்போது அந்த இரண்டு குறிகளையும் அழித்தேன். அவற்றைச் சார்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட மென்பொருள் பொதிகளை மறுபடி கட்ட வேண்டும் என்று பட்டியல் வந்தது.

போனிலேயே பேசும் செயலி இருக்கிறதே என்று தோழி ஒருத்தி சொன்னாள். அவள் சொன்னது சரிதான். ஆனால் எனக்கு ஏதாவது கஷ்டமான வேலை தேவைப்பட்டது. நைனாவின் எதிரில் உட்காருவதைவிட மெஷினின் எதிரில் உட்காருவது சுலபமாக இருந்தது.

சித்திரை வெயில். லேப்டாப்பை இரண்டு செங்கல்மேல் தூக்கி வைத்து, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினேன். பாதியில் கரண்ட் போகும். பேட்டரி செத்துப்போனது என்பதால், ஓடிக்கொண்டிருந்த பொதியை முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரே சமயத்தில் நான்கு வேலை ஓடட்டும் என்று எழுதியிருந்தேன். நினைவகம் போதாமல் நின்றது. ஒன்றாகக் குறைத்தேன். ஓடியது, ஆமை வேகத்தில்.

நைனா தினமும் மத்தியானம் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்காருவார். குரல் ஏற்கெனவே கரகரத்துப் போயிருந்தது.

"இன்னாம்மா, இன்னும் ஓடுதா?"

"ஓடுது நைனா."

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்."

"இரு நைனா, எரர் வந்துடுச்சு. இத மட்டும் பாத்துட்டு வந்துட்றேன்."

திரையில் ஓடும் எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருப்பார். பிறகு எழுந்து போய்விடுவார். இது ஒருநாள் நடந்ததல்ல.

அறுவை சிகிச்சை நடந்த அன்று வராந்தாவில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "தெனம் உங்கிட்ட பேசணும்னுதான் வந்து உக்காருவாரு. புள்ள எனக்காகத்தான் வேலை செய்யுது, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துக்குவாரு" என்றாள்.

கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம், ஒருவழியாகப் பேசத் தொடங்கியிருந்த லேப்டாப்பை அவர் மடியில் வைத்தேன். சாவிகளின்மேல் தமிழ் எழுத்துகளைத் தாளில் எழுதி ஒட்டியிருந்தேன். ஒற்றை விரலால் தேடித் தேடி அம்மாவின் பெயரை அடித்தார். மெஷின் அதை ஏற்ற இறக்கமில்லாமல், யாரோ ரேஷன் கடையில் கூப்பிடுவதுபோலச் சொன்னது. சமையலறையில் இருந்த அம்மா திரும்பவில்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

நைனா மூடியைச் சாத்தினார். பக்கத்திலிருந்த நோட்டில், "நல்லா இருக்குதும்மா" என்று எழுதிக் காட்டினார். அதன்பின் லேப்டாப்பைத் தொடவே இல்லை. அம்மாவைக் கூப்பிடக் கை தட்டுவார். இரண்டு தட்டு.

ஒருநாள் நோட்டையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தேன். "அன்னிக்கு ஏதோ சொல்லணும்ன இல்ல நைனா, எழுது" என்றேன். பேனாவைத் திறந்தார். பிறகு, "மறந்துட்டேன்" என்று எழுதினார். பேனாவை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, என் தலையில் கை வைத்தார்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தார். போனில் அவர் படங்கள் நிறைய இருக்கின்றன. அவர் பேசியதை மட்டும் நான் ஒருமுறைகூடப் பதிவு செய்யவில்லை.